தவக்கால நாட்குறிப்பு: சொன்ன வாயே திரும்பப் போய்ச் சொல்லட்டும்

மார்ச் 5, 2025 – சாம்பல் புதன்

நோன்பு இருக்கும்போது தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொள், முகத்தைக் கழுவு என்று மத்தேயு ஆறாம் அதிகாரத்தை வாசித்துவிட்டு, அடுத்த நிமிடமே நெற்றியில் சாம்பலைப் பூசி அனுப்புகிறார்கள். இது என்ன கணக்கு என்று மறைக்கல்விப் பிள்ளைகள் வருடாவருடம் கேட்பார்கள். நான் இறைவாக்கினர் யோவேலைக் காட்டுவேன். உடையை விட்டுவிட்டு நெஞ்சைக் கிழித்துக்கொள்ளச் சொன்ன அதே யோவேல்தான், எக்காளம் ஊது, ஊரைக் கூட்டு, பால்குடிக் குழந்தையையும் கொண்டுவா என்கிறார். நோன்பு ரகசியமாக இருக்கலாம். மனம்மாறுவதில் ஊருக்கும் பங்குண்டு.

அறுபது வயதானவர்களுக்கு ஒருசந்தி கட்டாயமில்லை. ஆனாலும் எங்கள் தெருப் பாட்டிகள் விடமாட்டார்கள். ஒருவேளைக் கஞ்சி, நாள் முழுக்கச் செபமாலை. இறைச்சி தவிர்க்கும் சுத்தபோசன நாள் என்பதால் தூத்துக்குடி மீன் கடைகளுக்கு நஷ்டமொன்றும் இல்லை, கறிக்கடைக்காரர்களுக்குத்தான் மந்தம்.

மார்ச் 8, சனி

எசாயா 58-இன் பின்பாதி. நேற்று வாசித்த முன்பாதிதான் எல்லோருக்கும் தெரியும்: பசித்தவனோடு உணவைப் பகிர்வது, வீடற்றவனுக்கு இடம் கொடுப்பது. இன்று வந்த வரியை யாரும் பிரசங்கத்தில் எடுப்பதில்லை. பிறரைச் சுட்டும் விரலையும் பொல்லாத பேச்சையும் உன் நடுவிலிருந்து அகற்று என்கிறார். உணவு கொடுப்பதையும் வாயை அடக்குவதையும் ஒரே மூச்சில் சொல்கிறார்.

எங்கள் அன்பியத்தில், அதாவது பங்கின் தெருக்குழுவில், நடப்பது நினைவுக்கு வந்தது. கிறிஸ்துமஸ் வசூல் கணக்கில் ஆறாயிரம் ரூபாய் துண்டு விழுகிறது என்று சனவரியில் ஒரு பேச்சு கிளம்பியது. கணக்கு எழுதியவர் தையல் வேலை செய்யும் அக்கா. "மகளுக்கு ஃபீஸ் கட்டுனாளாம்" என்று இரண்டே நாளில் அது உருவம் எடுத்தது. அக்கா கூட்டத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார். பிப்ரவரியில் பந்தல்காரர் வீட்டில் ரசீது கிடைத்தது. முன்பணமாகக் கொடுத்த ஆறாயிரத்தை நோட்டில் ஏற்றாமல் விட்டிருந்தார்கள், அவ்வளவுதான். "சரி, கணக்கு நேராயிட்டு" என்று எல்லோரும் எழுந்து போனார்கள். அக்காவிடம் போய் அதைச் சொல்ல ஆள் இல்லை.

மார்ச் 9, தவக்காலம் முதல் ஞாயிறு

முதன்முறை நற்கருணை வாங்கப்போகும் பிள்ளைகளுக்கான புதுநன்மை வகுப்பு. ஒப்புரவு அருளடையாளத்துக்கான, அதாவது பாவ அறிக்கைக்கான, ஐந்து படிகளைச் சொல்லிக்கொடுத்தேன்: பாவங்களை நினைத்துப் பார்ப்பது, மனம் வருந்துவது, இனிச் செய்யமாட்டேன் என்று தீர்மானிப்பது, குருவிடம் அறிக்கையிடுவது, அவர் தரும் பரிகாரத்தைச் செய்வது. மூன்றாவது பெஞ்சுப் பையன் எழுந்தான். "டீச்சர், நான் அவன் பென்சில் பாக்ஸை எடுத்துட்டேன்னு வைங்க. ஃபாதர்கிட்ட சொல்லிட்டா போதுமா, அவன்கிட்டயும் குடுக்கணுமா?"

பக்கத்திலிருந்தவன் முந்திக்கொண்டான்: "ஏல, குடுக்காம எப்படில மன்னிப்பு?"

திருச்சபை மறைக்கல்வி நூல் 1459-ஆம் எண்ணில் சொல்வதும் அதுதான். பாவமன்னிப்பு பாவத்தை நீக்குகிறது. பாவம் உண்டாக்கிய சீர்குலைவு முழுவதையும் அது சரிசெய்துவிடுவதில்லை. களவெடுத்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அவதூறு பேசியிருந்தால் அவருடைய நற்பெயரை மீட்டுத் தர வேண்டும். பென்சில் பாக்ஸைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடலாம். நற்பெயரை எடுத்துக் கொடுக்கப் பை எங்கே இருக்கிறது?

மார்ச் 14, வெள்ளி

மத்தேயு 5. காணிக்கையைப் பீடத்தருகே வைத்துவிட்டுப் போ, முதலில் சகோதரனோடு உறவைச் சரிசெய்துகொள், பிறகு வந்து செலுத்து. இதில் நான் கவனிக்காமல் கடந்துபோன ஒன்று உண்டு. உனக்கு அவன்மேல் மனத்தாங்கல் இருந்தால் என்று இயேசு சொல்லவில்லை. உன்மேல் அவனுக்கு மனத்தாங்கல் இருப்பது நினைவுக்கு வந்தால் என்கிறார். என் மனசு சுத்தமாக இருக்கிறதே என்று இங்கே தப்பிக்க முடியாது. அடுத்தவர் மனத்தில் என்ன இருக்கிறது என்று போய்ப் பார்த்தாக வேண்டும். கலிலேயாவிலிருந்து காணிக்கை கொண்டுவந்தவன் எருசலேமில் அதை வைத்துவிட்டு ஊருக்குத் திரும்பி நடப்பதை நினைத்துப் பார்க்கிறேன். நாள்கணக்கான நடை.

மாலையில் சிலுவைப்பாதை. அதே அன்பியத்தார் தலத்துக்குத் தலம் முழந்தாளிட்டார்கள்.

மார்ச் 16

தாபோர் மலையில் இயேசு உருமாறிய நற்செய்தி. சீடர்கள் தூங்கிவழிந்தார்கள். நானும்.

மார்ச் 19, புனித யோசேப்பு

நற்செய்தியில் யோசேப்பு ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. அந்தப் பேசாத மனிதரைப் பாட்டுடைத் தலைவராக வைத்து வீரமாமுனிவர் தேம்பாவணியில் 3,615 பாடல்கள் பாடியிருக்கிறார். அந்த ஆசையை நான் ரசிக்கிறேன்.

இன்றைய வாசகத்தில் யோசேப்பை நேர்மையாளர் என்கிறார் மத்தேயு. மரியா கருவுற்றிருக்கிறார், காரணம் இவருக்குத் தெரியாது. தெருவில் நாலு பேரிடம் சொல்ல அத்தனை நியாயமும் இவர் கையில் இருக்கிறது. ஆனால் மரியாவை ஊர் இகழும்படி விடக் கூடாது என்று முடிவெடுக்கிறார். கனவில் தூதர் வந்தது அதன்பிறகுதான். உண்மை தெரியாத அந்த இரவிலேயே அவர் வாயை மூடிக்கொண்டார், மத்தேயு நேர்மை என்று சொல்வது அதைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

மார்ச் 23, மூன்றாம் ஞாயிறு

சீலோவாம் கோபுரம் இடிந்து பதினெட்டுப் பேர் செத்தார்கள். அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகளா? இல்லை என்று அடித்துச் சொல்கிறார் இயேசு. 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை வேளாங்கண்ணியில் கடல் ஏறி வந்து திருப்பயணிகளை அள்ளிக்கொண்டு போனபோது, "என்ன பாவம் செஞ்சாவளோ" என்று இங்கே சிலர் பேசியதைக் காதால் கேட்டிருக்கிறேன். மாதாவைப் பார்க்கப் போன மக்கள்! செத்தவர்கள் பெயரைக்கூட நாம் விட்டுவைப்பதில்லை.

திருத்தந்தை பிரான்சிஸ் இன்று மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பினார். பிப்ரவரி 14 முதல் அங்கே இருந்தார். மாடத்தில் நின்று, கூட்டத்தில் மஞ்சள் பூக்களோடு வந்திருந்த ஒரு பெண்மணியைக் கவனித்துச் சொன்னார். மூச்சுவிடச் சிரமப்படுகிறவர், பூவைப் பார்த்திருக்கிறார்.

மார்ச் 30, நான்காம் ஞாயிறு

காணாமற்போன மகன். எத்தனை முறை கேட்டும், எத்தனை முறை நடத்தியும், இந்த முறைதான் ஒன்று கண்ணில் பட்டது. இளையவன் தாறுமாறாக வாழ்ந்து சொத்தைப் பாழாக்கினான் என்றுதான் கதை சொல்கிறது. எப்படிப் பாழாக்கினான் என்ற விவரம் இல்லை. 'விலைமகளிர்' என்ற சொல் மூத்தவன் வாயிலிருந்துதான் முதன்முதலாக வருகிறது. அவன் எங்கே இருந்தான்? வயலில். தம்பி போனதோ தொலைநாட்டுக்கு. கூடவே போய்ப் பார்த்தானா? "மகளுக்கு ஃபீஸ் கட்டுனாளாம்" என்பதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம்?

தகப்பன் அதை மறுத்துப் பேசவில்லை. ஆனால் ஒரு சொல்லை மாற்றுகிறார். மூத்தவன் "உம் மகன்" என்கிறான். தகப்பன் "உன் தம்பி" என்கிறார். விருந்து, மோதிரம், செருப்பு எல்லாவற்றையும்விட எனக்கு இப்போது இதுதான் பெரிதாகப் படுகிறது. ஊர் எதிரில் அவனுடைய இடத்தைத் திருப்பித் தருகிறார்.

நேற்றைய நற்செய்தியும் இதே சங்கதிதான். கோவிலில் செபித்த பரிசேயர் தன் நோன்பைப் பட்டியல் போடுகிறார். பத்தில் ஒரு பங்கு கொடுப்பதைச் சொல்கிறார். அதற்கு நடுவில், அதோ நிற்கும் வரிதண்டுபவனைப்போல் நான் இல்லை என்று கடவுளிடமே புறணி பேசிவிடுகிறார். செபத்திலும் புறணி உண்டு. 'ஆண்டவரே, அவளுக்கு நல்ல புத்தி கொடும்' என்ற வேண்டுதல்கள் எங்கள் கூட்டத்தில் ஏராளம்.

ஏப்ரல் 7, திங்கள்

நேற்று விபசாரத்தில் பிடிபட்ட பெண், இன்று முதியோர் இருவர் அதே குற்றத்தைப் பொய்யாகச் சாட்டிய சூசன்னா. ஒருத்தி குற்றம் உள்ளவள், மற்றவள் குற்றமற்றவள். இருவரையும் கூட்டத்தின் நடுவில் நிறுத்திய விதம் மட்டும் ஒன்றே. தானியேல் செய்தது எளிய காரியம். முதியோர் இருவரையும் தனித்தனியே பிரித்து, எந்த மரத்தின் அடியில் பார்த்தீர்கள் என்று கேட்டான். ஆளுக்கொரு மரம் சொன்னார்கள். அதைக் கேட்க அந்தச் சபையில் வேறு யாருக்கும் தோன்றவில்லை. முதியோர், நடுவர்கள், பெரிய மனிதர்கள் சொன்னார்கள், போதாதா?

கொச்சியில் 1580-இல் 'கொம்பெசியோனாயரு' என்றொரு தமிழ் நூல் அச்சானது. பாவசங்கீர்த்தனத்துக்கு, அதாவது பாவ அறிக்கைக்கு, வழிகாட்டும் நூல். போர்த்துகீசியக் குருவான அண்டிரிக்கி அடிகளார் புன்னைக்காயலில் இருந்து எங்கள் முத்துக்குளித்துறை மக்களுக்காக உழைத்த காலம் அது. தமிழ் எழுத்து அச்சேறத் தொடங்கி இரண்டே வருடத்தில் இந்த ஊர்க்காரர்கள் பாவத்தை எப்படிச் சொல்வது என்று புத்தகம் வைத்திருந்தார்கள்! நானூற்று நாற்பது வருடப் பழக்கம். சொல்வதில் நமக்குக் குறைவில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

பங்கில் ஒப்புரவு வழிபாடு. வெளியூர்க் குருக்களும் வந்திருந்தார்கள். வரிசை மாதா பீடம்வரை நீண்டது.

முடிந்து வெளியே வந்தபோது எங்கள் தெருப் பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். செபமாலை சொல்வதில் அவரை மிஞ்ச ஆளில்லை, 'என் சர்வேசுரா சுவாமி' என்று பழைய மனஸ்தாப மந்திரத்தைத் தொடங்கினால் ஒரு சொல் தவறாது. ஆறாயிரம் ரூபாய்ப் பேச்சும் அவர் திண்ணையில்தான் தொடங்கியது.

"டீச்சர், சாமியார்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். ஐம்பத்து மூணுமணி செபமாலை குடுப்பாவன்னு பார்த்தேன். அவ வீட்டுக்குப் போயி நேர்ல கேளுன்னுட்டாவ."

"போங்க பாட்டி."

"நூத்து அம்பத்து மூணுமணின்னாலும் சொல்லிருவேன். இதெப்படி?"

நான் கூட வருவதாகச் சொன்னேன். வேண்டாம் என்றார். சரிதான்.

ஏப்ரல் 13, குருத்து ஞாயிறு

இந்த ஆண்டு லூக்கா எழுதிய இயேசுவின் பாடுகள். நல்ல கள்வனைப் பற்றி எல்லோரும் சொல்வது, கடைசி நிமிடத்தில் விண்ணகத்தைப் பிடித்துக்கொண்டான் என்பது. இன்று வாசகத்தைத் தொடர்ந்து கேட்டபோது அவன் பேச்சின் வரிசை புரிந்தது. முதலில் மற்றக் கள்வனைக் கடிந்துகொள்கிறான். பிறகு நமக்குக் கிடைத்த தண்டனை முறையானதே என்கிறான். மூன்றாவதாக, இவர் ஒரு குற்றமும் செய்யவில்லை என்கிறான். இதற்கெல்லாம் பிறகுதான் 'என்னை நினைவுகூரும்' என்கிறான்.

குற்றமில்லை என்று பிலாத்துவும் சொன்னான். மூன்று முறை சொன்னான், சொல்லிவிட்டுக் கையளித்தான். சீடர்கள் தூரத்தில் நின்றார்கள். ஆட்சியாளர்களும் படைவீரர்களும் ஏளனம் செய்துகொண்டிருந்த அந்த இடத்தில், அவர்கள் காதில் விழும்படி இயேசுவின் பெயரை மீட்டுக் கொடுத்தவன் ஆணிகளில் தொங்கிய ஒரு குற்றவாளி. அவனால் கையை அசைக்க முடியாது, எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க முடியாது. வாய் ஒன்றுதான் மிச்சம். அதை வைத்து அவனால் செய்ய முடிந்த பரிகாரம் இது.

பூசை தொடங்கும்போது நாம் சொல்கிறோமே, "எல்லாம் வல்ல இறைவனிடமும் சகோதரர் சகோதரிகளே உங்களிடமும்" என்று. இரண்டாவது பாதியைச் சொல்லும்போது யாரும் பக்கத்து ஆளைத் திரும்பிப் பார்ப்பதில்லை. மார்பில் தட்டிக்கொள்வதோடு சரி.

ஏப்ரல் 17, பெரிய வியாழன்

பாட்டி போய்விட்டு வந்தார். அக்கா உட்காரவைத்துக் காப்பி கொடுத்தாராம். அழவில்லையாம், திட்டவில்லையாம். பிறகு சொன்னாராம்: "என்கிட்ட வந்து கேட்டுட்டிய, சரி. ஆனா நீங்க என்கிட்டயா சொன்னிய? எத்தனை வீட்ல சொன்னியளோ அத்தனை வீட்டுக்கும் போயி இல்லைன்னு சொல்லுங்க. பொறவு நான் மன்னிக்கேன்."

பாட்டிக்குக் கோபம். "சாமியே மன்னிச்சிட்டாவ, இவ யாரு?" என்று என்னிடம் வந்தார். மறைக்கல்வி நூல் 2487-ஐ எடுத்து வாசித்துக் காட்டினேன். நீதிக்கும் உண்மைக்கும் எதிராகச் செய்த குற்றம் மன்னிக்கப்பட்டிருந்தாலும், அதை ஈடுசெய்யும் கடமை போவதில்லை. பாட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "இதையெல்லாம் யாரு போட்டு வச்சா?" என்றார்.

அக்காவின் கண்டிப்பு சிலருக்குக் கல்நெஞ்சாகத் தெரியலாம். எனக்கு அப்படித் தெரியவில்லை.

ஏப்ரல் 18, புனித வெள்ளி

சிலுவை முத்தி செய்யப் போன வரிசையில் பாட்டி எனக்கு முன்னால். இரண்டு வீடு முடிந்ததாம். ஒரு வீட்டில், "அதெல்லாம் யாருக்கு இப்ப ஞாபகம் இருக்கு?" என்றார்களாம். அதுதான் கஷ்டமாக இருந்தது என்றார்.

ஏப்ரல் 21, உயிர்ப்பு விழாவுக்கு மறுநாள்

மதியம் செய்தி வந்தது. திருத்தந்தை பிரான்சிஸ் இறைவனிடம் சேர்ந்தார். வயது 88. நேற்றுதான் பேதுரு பேராலய மாடத்துக்கு வந்து மக்களுக்கு ஆசி கொடுத்தார்.

2013 மார்ச்சில் பதவிக்கு வந்த முதல் வாரத்திலேயே அவர் சொன்னது: மன்னிப்பதில் கடவுள் சோர்ந்துபோவதில்லை, கேட்பதில் நாம்தான் சோர்ந்துபோகிறோம். புறணியைப் பற்றி அவரைப்போல் விடாமல் பேசிய திருத்தந்தை என் நினைவில் இல்லை. 2020 செப்டம்பரில், உலகமே முகக்கவசத்தோடு இருந்தபோது, புறணி கோவிட்டைவிட மோசமான கொள்ளைநோய் என்றார். பேச வாய் துடித்தால் நாக்கைக் கடித்துக்கொள் என்பது அவருடைய வைத்தியம். பாட்டியிடம் சொன்னேன். "பல்லு எங்க இருக்கு?" என்றார்.

ஏப்ரல் 26, சனி

உரோமையில் அடக்கச் சடங்கு. அன்பியத்தார் ஒரே வீட்டில் கூடித் தொலைக்காட்சியில் பார்த்தோம். அக்கா வந்திருந்தார். வாசலுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். இரண்டு பேர் போய்ப் பேசினார்கள். மற்றவர்கள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாட்டிக்கு இன்னும் நாலு வீடு பாக்கி. அதில் ஒன்று அவர் சம்பந்தி வீடு, அதைக் கடைசிக்கு வைத்திருக்கிறார்.

கணக்கு நோட்டைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்படி அக்காவிடம் கேட்டார்கள். மாட்டேன் என்றுவிட்டார். நான் எழுதுவதாக ஒத்துக்கொண்டேன். பந்தல்காரர் ரசீதை நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டச் சொன்னார் அக்கா. பசை நன்றாகத் தடவச் சொன்னார்.