இன்ச் டேப்பை வைத்துப் படித்த கருவளர்ச்சி

சிஎஸ்ஐஆர் நெட் என்ற ஆராய்ச்சி, விரிவுரையாளர் தகுதித் தேர்வின் லைஃப் சயின்ஸில் முதல் தடவை என்னைக் கவிழ்த்தது பார்ட் சி. சரியாக எழுதினால் 4 மார்க், தப்பானால் 1 மார்க் போய்விடும். 75 கேள்விகளில் 25 எழுதினால் போதுமே என்று, எனக்குப் பிடித்த கருவளர்ச்சிக் கேள்விகளாகத் தேடிப் பிடித்தேன். அதிலேயே சறுக்கினேன். மரபணு இயக்கத்தை மூன்றாம் யூனிட்டுக்கு ஒரு நோட்டிலும், கருவளர்ச்சியை ஐந்தாம் யூனிட்டுக்கு வேறொரு நோட்டிலும் எழுதி வைத்திருந்தேன். கேள்வியோ இரண்டுக்கும் நடுவிலிருந்து வந்தது: குரோமோசோமில் இந்தத் துண்டை வெட்டினால் கருவில் என்ன மாறும்?

அடுத்த முறை அம்மாவின் தையல் டேப்பை எடுத்துக்கொண்டேன். 1 செ.மீ. என்றால் 10,000 கார இணைகள் (டிஎன்ஏ எழுத்துகள்). கருவில் கை, கால் வடிவமைய உதவும் சோனிக் ஹெட்ஜ்ஹாக் மரபணுவைத் தொடக்கத்தில் குறித்தேன். அந்த அளவில் அது ஏறக்குறைய ஒரு செ.மீ.தான். கை, காலில் அதை இயக்கும் இசட்ஆர்எஸ் என்ற என்ஹான்சரோ (மரபணுவை இயக்கும் டிஎன்ஏ சுவிட்ச்) கிட்டத்தட்ட 100-வது கோட்டில், எல்எம்பிஆர்1 என்ற வேறொரு மரபணுவின் இன்ட்ரானுக்குள் (புரதத்துக்கான குறிப்பு இல்லாத இடைத்துண்டு) இருக்கிறது. நம் வீட்டு சுவிட்ச் தெருக்கோடி வீட்டுச் சுவரில் இருப்பது போல. டேப்பை வளைத்து இரண்டு முனைகளையும் ஒரு துணி கிளிப்பால் சேர்த்தபோதுதான் குரோமாட்டின் வளையம், அதாவது புரதங்களோடு சேர்ந்த டிஎன்ஏ இழை வளைந்து தூரத்து இடங்களை ஒட்டவைப்பது, எதற்கென்று மண்டையில் ஏறியது.

இனி வெட்டிப் பாருங்கள். எலியில் இசட்ஆர்எஸ்ஸை நீக்கினால் கை, காலின் நுனிப்பகுதி உருவாகாது. ஆனால் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் வேறு என்ஹான்சர்கள் இருப்பதால் அவை தப்பிவிடும். இசட்ஆர்எஸ்ஸில் ஒரே ஒரு எழுத்து மாறினாலே, சுண்டுவிரல் பக்கம் மட்டும் இயங்க வேண்டிய மரபணு கட்டைவிரல் பக்கமும் இயங்கி, கூடுதல் விரல் முளைக்கலாம். (ஊரில் ஆறு விரலை அதிர்ஷ்டம் என்பார்கள். என் தேர்வு அதிர்ஷ்டமும் அதிலிருந்துதான் தொடங்கியது.)

எல்லையை வெட்டுவது வேறு கதை. குரோமோசோம் டாட் என்ற பகுதிகளாகப் பிரிந்திருக்கும்; ஒரு டாட்டுக்குள் இருக்கும் என்ஹான்சர் பெரும்பாலும் அதே டாட்டின் மரபணுக்களைத்தான் இயக்கும். 2015-இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், இபிஹெச்ஏ4 மரபணு இருக்கும் டாட் பகுதியின் எல்லையோடு சேர்த்து டிஎன்ஏ காணாமல் போனவர்களுக்கு விரல்கள் குட்டையாக இருந்தன. பக்கத்திலிருந்த பாக்ஸ்3 மரபணுவில் கோளாறு எதுவும் இல்லை. வேலி போனதால் இபிஹெச்ஏ4-இன் என்ஹான்சர்கள் அதைப் போய் இயக்கிவிட்டன, அவ்வளவுதான். "மரபணு மாறவில்லை, எனவே பாதிப்பு இல்லை" என்ற விடையில்தான் நான் முதல் தடவை டிக் அடித்திருந்தேன்!

உடலின் எந்தப் பகுதி எதுவாக வளரும் என்று தீர்மானிக்கும் ஹாக்ஸ் மரபணுக்கள் பற்றிச் சுருக்கமாக: மனிதருக்கு 4 கொத்துகளில் 39 மரபணுக்கள். பெயர்களை உருப்போடாதீர்கள், வரிசையைப் பிடியுங்கள். ஹாக்ஸ்-டி கொத்தை மட்டும் நன்றாக வரைந்து பாருங்கள். முதலில் ஒரு பக்க டாட்டின் என்ஹான்சர்கள் மேல்கைக்கும் முன்கைக்கும் இந்த மரபணுக்களை இயக்குகின்றன. பிறகு மறுபக்க டாட் விரல்களுக்கு. இரண்டுமே மங்கும் இடைவெளியில் மணிக்கட்டு.

ஒரு பொறி இருக்கிறது. வளையங்களையும் டாட் எல்லைகளையும் அமைக்க உதவும் சிடிசிஎஃப் என்ற புரதம் பிணையும் இடங்களை நீக்கினால் எல்லாம் குலைந்துவிடும் என்று எழுதிவிடாதீர்கள். இசட்ஆர்எஸ் பக்கத்தில் அவற்றை நீக்கிய எலியில் சோனிக் ஹெட்ஜ்ஹாக் பாதியாகக் குறைந்தும் கை, கால்கள் ஒழுங்காகவே வளர்ந்தன. அதனால் "எப்போதும்", "மட்டுமே" என்று வரும் விடைகளை இரண்டாவது தடவை நான் கடைசியில்தான் தொட்டேன், அதுவும் டேப் மனதில் ஓடினால் மட்டும்.