எக்கோப் பெட்டி: மேசைக் குறிப்புகள்

மார்ச் 4
கொக்குவில் இசைக்குழுத் தம்பி ஒரு றோலன்ட் ஆர்ஈ-201 ஸ்பேஸ் எக்கோ, ரேப்பில எக்கோ போடுற பெட்டி, கொண்டுவந்து வைச்சிட்டுப் போனான். ஸ்பேஸ் எக்கோ எண்டால் இப்பத்தைப் பெடியளுக்குப் போனில வாற எபெக்ட். இது 1974இல வந்த அசல் சாமான். "அண்ணை, குரல் ஆடுது, எக்கோ மங்கலாக் கேக்குது. சேர்க்கிட் போட் போயிட்டுதுபோல." எல்லாரும் முதல்ல போட்டிலதான் பழியைப் போடுவினம். பிளக் குத்த முதல் பின்தகட்டைப் பாத்தன். யப்பானில வித்ததெண்டால் 100 வோல்ற். எங்கட 230இல குத்தினால் புகைதான். இதில 240 எண்டு கிடக்கு, எங்கட கரண்டுக்குச் சரி.

மார்ச் 5
மூடியைக் கழட்டினன். சுருள் கிடையாது. கால் அங்குல ரேப் ஒரே வளையமா, தட்டுக்குக் கீழ மடிஞ்சு மடிஞ்சு கிடக்குது. ரேப் உரசிக்கொண்டு போற காந்தத் தலையள்தான் ஹெட்: அழிக்கிற ஹெட், பதியிற ஹெட், பிறகு வாசிக்கிற ஹெட் மூண்டு. பதிஞ்ச சத்தம் அந்த மூண்டையும் கடக்கேக்கதான் எக்கோ. ஹெட் முகமெல்லாம் மண்ணிற மா. பஞ்சுக்குச்சியை ஐசோபுறோப்பைல் அற்ககோலில தோய்ச்சுத் துடைக்க, குச்சி தேயிலைச் சாயமா வந்திது. ஹெட்டுக்கும் ரேப்புக்கும் இடையில தூசு நிண்டால் முதல்ல போறது கூர்மையான சத்தங்கள்தான்.

ரேப்பை அமத்தி இழுக்கிற ரப்பர் உருளை, பிஞ்ச் ரோலர், அதில நகத்தை அமத்திப் பாத்தன், இறங்கேல்லை. ரப்பர் இறுகி வழுக்குது, அதுதான் குரல் ஆட்டம். ரப்பருக்கு ஸ்பிரிட் போடப்படாது, இன்னும் இறுகும். சவர்க்காரத் தண்ணியில கழுவி, நைஸ் எமறித் தாளால மேலால ஒருக்கா உரசினன்.

மார்ச் 6
இணுவிலில கலியாண வீடு. பெட்டியைத் தொடேல்லை.

மார்ச் 8
ஆட்டம் நிண்டிட்டுது. ஆனா "ஹலோ" சொல்லி, எக்கோ எத்தினை தரம் திரும்பவேணும் எண்ட இன்டென்சிற்றிக் குமிழை முழுக்கக் குறைச்சிட்டு இருக்க, அரை நிமிசமளவில அதே ஹலோ திரும்ப வருது! எக்கோ இவ்வளவு பிந்தாது, அது ஒரு செக்கனுக்குள்ள முடியிற அலுவல். அப்ப ரேப் வளையம் முழுக்க ஒருக்காச் சுத்தி வந்திருக்கு, அழிக்கிற ஹெட் அழிக்கேல்லை. பதிவு சுத்தமாத்தான் கேக்குது, ஆனபடியா பதியிற ஹெட்டுக்கும் அழிக்கிற ஹெட்டுக்கும் அலை குடுக்கிற பயஸ் ஒசிலேற்றர் ஓடுது. மிச்சம் வயர்தான். பிடிச்சுக்கொண்டு போனால் ஹெட் காலில ஈயம் வெடிச்சு, வயர் சும்மா முட்டிக்கொண்டு நிக்குது. ஒரு பொட்டு ஈயம் வைச்சன். தம்பியின்ர போட்டுக்கு ஒரு குறையுமில்லை.

மார்ச் 10
பழைய வளையத்தின்ர ஒட்டில ஆரோ செலோரேப் போட்டிருக்கினம். எங்கட வெக்கைக்குப் பசை வழிஞ்சு அடுத்த மடிப்போட ஒட்டும். புது ரேப்பைச் சரிவா, 45 பாகையில வெட்டி, காந்தப் பூச்சு இல்லாத பக்கத்தில ஸ்பிளைசிங் ரேப் போட்டன். பெட்டியை நிப்பாட்டிவிட்டு ஹெட்டுக்குக் காந்தநீக்கி பிடிச்சன். அந்தக் கருவியைத் தூரத்தில வைச்சுத்தான் போடவேணும், தூரத்துக்கு எடுத்துத்தான் நிப்பாட்டவேணும். கிட்ட வைச்சு நிப்பாட்டினால் ஹெட்டில காந்தம் ஏறிவிடும்.

மார்ச் 11
தம்பி கிற்றாரைக் குத்திப் பாத்தான், முகம் மலர்ந்திட்டுது. வாசிக்காத நேரம் நிப்பாட்டி வை, ரேப் ஓட ஓட ஹெட்டும் தேயும் எண்டு சொல்லிவிட்டன். காசு சித்திரை வருசத்துக்குப் பிறகாம்.