மார்கழியில் மிளகுக் கொடி பார்த்து வைப்பது

டெல்லியில் இருக்கும் என் நாத்தனார் டிசம்பர் வந்தால் டேலியாவும் காலிஃப்ளவருமாகப் படம் அனுப்பிக்கொண்டே இருப்பார். கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைப் பக்கம் எங்கள் பத்து சென்ட் விளையில் (தோட்டத்தில்) குளிர்காலம் என்பது விடியற்காலைப் பனி, அவ்வளவுதான். பத்து மணிக்கெல்லாம் வெயில் சுள்ளென்று அடிக்கும்.

ஆனி, ஆடியில் ஒரு மழை, ஐப்பசி, கார்த்திகையில் இன்னொரு மழை என்று எங்கள் மாவட்டத்துக்கு இரண்டும் உண்டு. இரண்டாவது ஓய்ந்து மண் உலரும் மார்கழி, தையில்தான் தோட்டத்தை நிதானமாகச் சுற்றிப் பார்க்க முடிகிறது. நடுவது குறைவு. ஆனி மழைக்கு எதை எங்கே வைப்பது என்று இப்போதே முடிவாகிவிட வேண்டும்.

முக்கியமாக நல்லமிளகு, அதாவது கருமிளகு. சரத்தில் ஒன்றிரண்டு மணி சிவந்ததும் பறிக்கிறோம். எந்தக் கொடியில் சரம் நீளம், எதில் மணி நெருக்கம் என்பது பறிக்கும்போதுதான் தெரியும். நல்ல கொடியில் சிவப்புத் துணி கட்டிவிடுவேன். பக்கத்து வீட்டுப் பாட்டா சொன்னது இது: "மக்கா, இப்பம் பாத்து வை. ஆனி மாசம் எல்லாக் கொடியும் ஒண்ணு போலத்தான் இருக்கும்." அந்தக் கொடியின் அடியிலிருந்து தரையில் ஓடும் கிளைகளை மண்ணில் வேர் பிடிக்க விடாமல் ஒரு குச்சி நட்டுச் சுற்றி வைக்க வேண்டும். மாசியில் அறுத்து, இரண்டு மூன்று கணு உள்ள துண்டுகளாகப் பையில் நட்டால் மழைக்கு நாற்று தயார். நர்சரியில் வாங்கினால் தாய்க்கொடி எப்படிக் காய்த்தது என்று யாரிடம் கேட்பது?

பைகளை வைக்க நிழல் வேண்டுமே. டிசம்பர் கடைசியில் நண்பகல் சூரியன் எங்கள் உச்சிக்கு 30 டிகிரிக்கும் மேலே தெற்கே சாய்ந்திருக்கும். ஜூனில் 15 டிகிரி போல வடக்கே போய்விடும். அதனால் வீட்டின் வடபுறம் இப்போது நிழல், மழைக்காலத்தில் வெயில் (மேகம் விட்டால்). மதிய நிழலின் எல்லையில் ஓட்டுத்துண்டு வைத்துக் குறித்துக்கொள்கிறேன். பங்குனிக்குள் அந்த நிழல் சுருங்கிவிடும், அப்புறம் பைகள் சக்கை மூட்டுக்கு, அதாவது பலாமரத்தடிக்குப் போகும். ஓட்டுத்துண்டுக்கு உள்ளே, இப்போது நிழலாக இருக்கும் இடத்தில் ஆனியில் வெயில் வருமே, அங்கே வெண்டை.

தென்னைத் தடத்தில் (மரத்தைச் சுற்றிய பாத்தியில்) கதம்பை, அதாவது தேங்காய் மட்டை போடுவதும் இப்போதுதான். மூடாக்காகப் பரப்பினால் முதுகு மேலே. குழியில் புதைத்தால் மலர்த்தி, அப்போதுதான் தண்ணீர் தங்கும்.

பொங்கலுக்கு வடசேரி சந்தையில் குவியும் கிழங்கைப் பார்த்தால் சேனை ஆசை வந்துவிடும். வீட்டுச் சேனையில் நல்லதை விதைக்கு ஒதுக்கிவிட்டேன். ஒவ்வொரு துண்டிலும் முளைப் பகுதி கொஞ்சம் வருமாறு வெட்டி, சாணிக் கரைசலில் முக்கி, நிழலில் உலர்த்தி, மாசியில் மூன்றடிக்கு ஒன்றாக நட வேண்டும்.

அந்த இடத்தில் மட்டி வாழை வைக்கலாமே என்கிறார் வீட்டுக்காரர். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய பழம், ருசிக்கும் குறைவில்லை. ஆனால் எனக்குச் சேனைதான். மாசி வரை பேச நேரம் இருக்கிறது.