ஃபார்மேட்டுக்குச் சேதாரம் எவ்வளவு?

மார்கழி கடைசியில் என் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. ஒரேயடியாகப் படுத்திருந்தால்கூடப் பரவாயில்லை. காலையில் பட்டனை அழுத்திவிட்டு, வாசல் தெளித்துக் கோலம் போட்டு, காபி கலந்து குடித்துவிட்டு வந்து பார்த்தால் அந்த நீலச் சன்னலும் கீழே சுற்றும் வெள்ளைப் புள்ளிகளும் அப்படியே இருக்கும். ஒருவழியாகத் திறந்தால் எக்செல் திறக்காது. எக்செல் திறந்தால் மௌஸ் நகராது. சில நாள் ‘தானியங்கிப் பழுதுபார்ப்பு’ என்று சொல்லிவிட்டு அதுவே சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வந்து நிற்கும்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வீட்டிலிருந்தபடியே ஆறு வெள்ளிப் பட்டறைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். கட்டியாக எவ்வளவு வெள்ளி போனது, கொலுசாக எவ்வளவு திரும்பியது, கூலி என்ன, சேதாரம் என்ன, இதுதான் என் பிழைப்பு. டிசம்பர் மாதத்து விற்பனைக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-1 ஜனவரி 11ஆம் தேதிக்குள் போக வேண்டும். அன்றைக்குத் தேதி 7.

யாரிடம் சொன்னாலும் ஒரே பதில்தான். ஃபார்மேட் பண்ணிடுங்க. காய்ச்சல் என்று போனால் ‘ஒரு ஊசி போட்டா சரியாயிடும்’ என்பார்களே, அந்த மாதிரி. வீட்டுக்காரர் இன்னும் ஒரு படி மேலே போய், “போகி வருதில்ல, தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கு” என்றார். பணம் யார் தருவார் என்று கேட்டேன். பேப்பரை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார்.

எனக்கு ஃபார்மேட் என்ற வார்த்தையைக் கேட்டாலே வயிற்றில் புளி கரையும். 2019இல் ஒரு கடையில் கொடுத்தேன். “சி டிரைவை மட்டும்தாங்க அழிப்போம், டி டிரைவுல இருக்கறது அப்படியே இருக்கும்” என்று அந்தப் பையன் சொன்னான். நம்பி டி டிரைவில் எல்லாவற்றையும் போட்டு வைத்துவிட்டுக் கொடுத்தேன். சாயங்காலம் போனால் கம்ப்யூட்டர் பளிச்சென்று இருந்தது. டி டிரைவைக் காணோம். இருந்த பாகங்களையெல்லாம் நீக்கிவிட்டு ஒரே பாகமாக ஆக்கியிருக்கிறான். சின்னவளுடைய காதுகுத்துப் படங்கள் போயின, மூன்று வருடக் கூலி நோட்டும் போயிற்று. “இப்ப ஸ்பீடா இருக்கும் பாருங்கக்கா” என்றான். இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை.

பட்டறையில் பழைய கொலுசை உருக்கினால் எடை குறையும். குறைந்ததை நான் சேதாரம் என்று எழுதுவேன். உருக்குவதற்கு முன்னால் எடை போடாதவன் சேதாரம் பேச முடியாது. ஆகவே இந்த முறை முதலில் எடை போடுவது என்று முடிவு செய்தேன்.

அண்ணன் பையன் ஏற்காட்டில் இருந்துகொண்டே ஏதோ பெங்களூர் கம்பெனிக்கு வேலை செய்கிறான். அவனுக்குப் போன் போட்டேன். மலையில் மூடுபனி இறங்கினால் அவன் குரல் மூன்று வார்த்தைக்கு ஒரு வார்த்தைதான் வரும்.

“அத்தை, எந்த வழியில போடப் போறீங்கன்னு முதல்ல முடிவு பண்ணணும்.”

“வழியா? ஃபார்மேட்டுன்னா ஒண்ணுதானே கண்ணு?”

ஒன்று இல்லையாம். விண்டோஸ் உள்ளேயே ‘ரீசெட்’ இருக்கிறது. அதில் ‘என் ஃபைல்களை வைத்துக்கொள்’ என்றால் படம், டாக்குமென்ட் நிற்கும், நாம் போட்ட மென்பொருள்கள் போய்விடும். ‘எல்லாவற்றையும் நீக்கு’ என்றால் எல்லாமே போகும். இன்னொன்று, ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸின் மேலேயே அதே விண்டோஸை மறுபடி போடுவது. அதில் ஃபைலும் நிற்கும், மென்பொருளும் நிற்கும், உள்ளே கெட்டுப்போன சிஸ்டம் ஃபைல்கள் மட்டும் புதிதாகும். கடைசியாக, பென்டிரைவிலிருந்து வெறும் டிஸ்க்கில் சுத்தமாகப் போடுவது. கடைக்காரப் பையன் ஃபார்மேட் என்று சொன்னது அதைத்தான்.

எனக்கு அந்த மேலேயே போடும் வழிதான் பிடித்தது. எதுவும் போகாது என்றால் யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் ஒரு பேப்பரை எடுத்து, எது எங்கே இருக்கிறது என்று எழுத உட்கார்ந்தபோதுதான் என் குட்டு எனக்கே வெளிப்பட்டது. நான் கணக்கு எழுதும் டாலி மென்பொருளின் டேட்டா எல்லாம் டாக்குமென்ட்ஸில் இருப்பதாக இத்தனை நாள் நினைத்திருந்தேன். அது ப்ரோகிராம் ஃபைல்ஸுக்குள், டாலி ஃபோல்டரின் உள்ளே, 10000, 10001 என்று எண் போட்ட ஃபோல்டர்களாகக் கிடந்தது. ரீசெட் கொடுத்திருந்தால், ‘உன் ஃபைல்களை வைத்துக்கொண்டேன்’ என்று பெருமையாகச் சொல்லிவிட்டு ஆறு பட்டறைக் கணக்கையும் மென்பொருளோடு சேர்த்துத் துடைத்திருக்கும்.

அடுத்தது பாமினி. பழைய பில்களும் வாடகை ஒப்பந்தங்களும் பாமினி ஃபான்ட்டில் அடித்தவை. அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் தமிழ் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்துகளும் கமாவும் செமிகோலனும் குப்பை மாதிரி கொட்டிக் கிடக்கும். எந்தக் கம்ப்யூட்டரிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு எப்போதோ மாறியிருக்க வேண்டும். மாறினேன், பழைய பில்களை மாற்றவில்லை. ஃபான்ட் இருப்பது சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள். அதையும் பேப்பரில் எழுதினேன். பிறகு பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள், ஒரு பார்ட்டிக்காக வைத்திருக்கும் டிஎஸ்சி என்கிற டிஜிட்டல் கையெழுத்து டோக்கனின் டிரைவர், டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்கு நான் அமைத்து வைத்த பேப்பர் அளவு. பேப்பரின் இரண்டு பக்கமும் நிறைந்துவிட்டது.

சனிக்கிழமை காலை அண்ணன் பையன் 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி, தலை சுற்றலோடும் அரைக் கிலோ காபிப் பொடியோடும் வந்து சேர்ந்தான். வந்ததும் விண்டோஸைத் தொடவே இல்லை. ஒரு பென்டிரைவைச் சொருகி அதிலிருந்தே, விண்டோஸுக்குப் பதிலாக ஓடக்கூடிய லினக்ஸ் மின்ட்டை ஓட்டினான். டிஸ்க்கில் எதையும் போடாமல், பென்டிரைவிலிருந்தே முழு கம்ப்யூட்டரும் ஓடுகிறது. இதற்கு முன் நான் பார்த்ததில்லை. அதுவரை பத்து நிமிடம் முக்கி முனகிய அதே பெட்டி, நான் அவனுக்கு இட்லி எடுத்து வைப்பதற்குள் திறந்து நின்றது.

அதில் ‘டிஸ்க்ஸ்’ என்று ஒன்று. ஹார்ட் டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதி வைத்திருக்கும் குறிப்பை அது படித்துக் காட்டும். 21 ஆயிரத்துச் சொச்சம் மணி நேரம் ஓடியிருக்கிறது. 2016இல் வாங்கிய டிஸ்க்; வருடம் 300 நாள், நாளைக்கு எட்டு மணி நேரம் என்று மனக்கணக்குப் போட்டேன், சரியாகத்தான் வந்தது. அதோடு மொத்த மதிப்பீடாக ஒரு வரி: டிஸ்க் நலம், 112 கெட்ட செக்டார்கள்.

நலமாம்! சர்க்கரை 400, ஆள் நலம் என்கிற மாதிரி.

“அத்தை, இதுதான் விஷயம். விண்டோஸ் கெடல. விண்டோஸ் உட்கார்ந்திருக்கற இடம் கெட்டுருச்சு.”

அந்த இடத்தைப் படிக்கப் போகும்போதெல்லாம் டிஸ்க் திரும்பத் திரும்ப முயல்கிறது, அதற்காக மற்றதெல்லாம் காத்து நிற்கிறது. புள்ளிகள் சுற்றியதற்குக் காரணம் அதுதான். ரீசெட்டோ, மேலேயே போடுவதோ, சுத்தமாகப் போடுவதோ, எதைச் செய்தாலும் அதே டிஸ்க்கில்தான் புதிதாகப் பல ஜிபி எழுத வேண்டும். அடிப்பிடித்த பாத்திரத்தைக் கழுவாமல் புதுப் பால் காய்ச்சினால் கருகல் வாசம்தான் வரும். எனக்குப் பிடித்திருந்த அந்த மேலேயே போடும் வழி அந்த நிமிடமே செத்தது. டிஸ்க்கை அப்படியே நகல் எடுத்துப் புதியதில் போட்டால் என்ன என்று கேட்டேன். கெட்டுப்போன சிஸ்டம் ஃபைலும் சேர்ந்தே நகலாகும், வேண்டாம் என்றான். சரி.

ஆக வேறு டிஸ்க். 256 ஜிபி எஸ்எஸ்டி போதும் என்றான். நாலு ரோட்டுப் பக்கம் போய் வாங்கி வந்தார் வீட்டுக்காரர், மூவாயிரத்தைத் தொடவில்லை. புதுக் கம்ப்யூட்டரோடு ஒப்பிட்டு நான் ஒரு பார்வை பார்த்தேன், அவர் மறுபடி பேப்பரை எடுத்தார்.

அவர் வருவதற்குள் மின்ட்டிலிருந்தே எல்லாவற்றையும் வெளி டிஸ்க்குக்கு நகலெடுத்தோம். முதலில் டாலி, அப்புறம் எக்செல், அப்புறம் ஃபான்ட், படங்கள் கடைசியில். டிஸ்க் பாதியில் போனாலும் சோற்றுக்கு வழி தெரிய வேண்டும் என்பதால் அந்த வரிசை. 61 ஜிபி. நடுவில் ஒரு படத்தில் வந்து நின்றுவிட்டது. பெட்டிக்குள்ளிருந்து டக்... டக்... டக்... என்று ஒரு சத்தம். எதிர்ச் சாரிப் பட்டறையில் கொலுசு தட்டுகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். சனிக்கிழமை மத்தியானம் அங்கே சாப்பாட்டு நேரம். அந்த ஒரு படத்தைத் தாண்டிப் போகச் சொன்னதும் மீதி வந்துவிட்டது. போன படம் ஏதோ கல்யாணத்தில் எடுத்த ஜவ்வரிசிப் பாயசம். அதற்கு நான் அழவில்லை.

டாலியை மட்டும் வேறு விதமாகவும் பார்க்க வேண்டியிருந்தது. டேட்டா வந்துவிட்டது, ஆனால் லைசென்ஸ் பழைய டிஸ்க்கில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஃபார்மேட்டுக்கு முன்னால் அதை ‘சரண்டர்’ செய்துவிட்டால் புதிய இடத்தில் தொந்தரவில்லாமல் எழுந்துகொள்ளும். அதற்காகப் பழைய விண்டோஸை ஒரே ஒரு தடவை திறந்தோம். 17 நிமிடம். தட்டுவடை செட் வாங்கி வரச் சொல்லி, சட்னி கீபோர்டில் படாமல் இரண்டு தட்டு தின்று முடித்தோம். சரண்டர் ஆகிவிட்டது என்று வந்ததும் அவனே கையெடுத்துக் கும்பிட்டான்.

எந்த விண்டோஸ் என்பதில்தான் கொஞ்சம் சண்டை. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்டின் ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11க்கு இன்டெலில் எட்டாம் தலைமுறை பிராசசராவது வேண்டும். என்னுடையது ஆறாம் தலைமுறை ஐ3. சோதனையை ஏமாற்றிப் போடும் வித்தை இருக்கிறது. கணக்குக் கம்ப்யூட்டரில் வித்தை வேண்டாம் என்றேன். அவனுக்கு மின்ட்டையே போட்டுவிட ஆசை. எனக்கும் சபலம் தட்டியது. தமிழ் எழுத்து அதில் அவ்வளவு தெளிவாக இருந்தது. ஆனால் டாலி விண்டோஸுக்கு எழுதியது, டிஎஸ்சி டோக்கன் வேறு. 11ஆம் தேதிக்கு முன்னால் புது ஊர் குடிபோக முடியாது. கடைசியில் விண்டோஸ் 10ஐயே போட்டு, மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, நீட்டித்த பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பதிவு செய்துகொண்டோம். வீட்டு உபயோகக்காரர்களுக்கு அது 2026 அக்டோபர் 13 வரை. அதற்குள் ஏதாவது செய்ய வேண்டும். செய்வேன். காலண்டரில் எழுதியிருக்கிறேன்.

எஸ்எஸ்டியை மாட்டும்போது பெட்டியைத் திறந்தோம். பட்டறைத் தெருவில் ஒன்பது வருடம் இருந்த பெட்டி. உள்ளே விசிறி மேல் கறுப்பாக ஒரு மெழுகுத் தூசி, விரலால் வழித்தால் மை மாதிரி வந்தது. அண்ணன் பையன் புதியதை மாட்டியதோடு நிற்காமல் பழைய டிஸ்க்கின் ஒயரை இரண்டு முனையிலும் பிடுங்கி வெளியே எடுத்து வைத்தான். இரண்டும் இருந்தால் விண்டோஸ் சில சமயம் தன்னைப் புதியதில் போட்டுக்கொண்டு, கிளம்புவதற்கான பகுதியை மட்டும் பழையதில் வைத்துவிடுமாம். பிறகு பழையது செத்தால் புதியதும் எழாது.

எனக்கு அதைவிடப் பெரிய நிம்மதி வேறு. பென்டிரைவிலிருந்து இன்ஸ்டால் ஓடி, ‘எங்கே போடட்டும்’ என்று கேட்கும் திரை வந்தது. 2019இல் என் டி டிரைவைத் தின்ற திரை அதுதான். அன்றைக்கு அதில் வரிசையாகப் பல வரிகள் இருந்திருக்கும், அந்தப் பையன் ஒவ்வொன்றாக டெலிட் கொடுத்துக்கொண்டே போயிருப்பான். இப்போது ஒரே ஒரு வரி. டிரைவ் 0, ஒதுக்கப்படாத இடம், 238 ஜிபி சொச்சம். தப்பாக அமுக்கக்கூட வழியில்லை. “நானே அமுக்கறேன் கண்ணு” என்று மௌஸை வாங்கிக்கொண்டேன்.

காபி குடிப்பதற்குள் முடிந்துவிட்டது. பிராடக்ட் கீ கேட்டபோது என்னிடம் எதுவும் இல்லை. ‘கீ இல்லை’ என்பதைத் தொட்டு, முன்பிருந்த அதே ஹோம் பதிப்பைத் தேர்ந்தெடுத்தோம். மதர்போர்டு அதேதான் என்பதால் நெட் வந்ததும் தானாகவே ஆக்டிவேட் ஆனது. இப்போது பட்டன் அமுக்கினால் கோலப்பொடி டப்பாவைத் தேடுவதற்குள் திறந்து நிற்கிறது. டாலி வந்தது, பாமினி வந்தது, 10ஆம் தேதி ராத்திரியே ஜிஎஸ்டிஆர்-1 ஆறும் போய்விட்டன.

பழைய டிஸ்க்கை ரோஸ் பேப்பரில் சுற்றி, கொலுசு டப்பாவில் வைத்து, மேலே தேதி எழுதிப் பீரோவில் வைத்திருக்கிறேன். போகியன்று வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை.

பிரிண்டர் மட்டும் இன்னும் மக்கர் செய்கிறது. பில்லில் எடை என்ற கட்டத்துக்கு இரண்டு வரி கீழே எடை விழுகிறது. பேப்பர் அளவை எழுதி வைத்தேன் என்று சொன்னேனே, நீளத்தை எழுதியிருக்கிறேன், மேல் மார்ஜினை எழுதவில்லை.