'ஒரே தமிழ்தானே' என்று வந்து இறங்குபவர்களுக்கு

சென்னையிலிருந்தோ லண்டனிலிருந்தோ ஆறு மாதம், ஒரு வருஷம் என்று இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டப் பாடசாலைக்குப் படிப்பிக்க வருகிறவர்கள் முதலில் சறுக்குவது மொழியில்தான். இங்கே நோட்டு என்றால் கொப்பி, தேர்வு என்றால் பரீட்சை, மதிப்பெண் என்றால் புள்ளி. ஐந்தாம் வகுப்பு தரம் 5, ஹெட்மாஸ்டர் அதிபர். மாற வேண்டியது நீங்கள். பிள்ளை விறாந்தையை 'இஸ்தோப்பு', அறையை 'காம்பரா' என்று சொல்லும்போது திருத்தப் போனால் அதோடு வாயை மூடிக்கொள்ளும்.

"விளங்குதா?" என்று கேட்டால் வகுப்பே "விளங்குது சேர்" என்று ராகம் போடும். நம்பிவிடாதீர்கள், அது மரியாதைக்குச் சொல்வது. கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஒரு கணக்கைச் செய்யச் சொல்லிவிட்டு வாங்குகளுக்கு (பெஞ்சுகளுக்கு) இடையே நடந்து குனிந்து பாருங்கள். பிழையை அந்தப் பிள்ளையின் காதுக்கு மட்டும் சொல்லுங்கள்.

அப்பா அம்மா என்ன வேலை என்று வகுப்பில் சத்தமாகக் கேட்கவே வேண்டாம். அப்பா கொழும்பில் கடையில் நிற்பார், அம்மா குவைத்தில் வீட்டு வேலையில் இருப்பார், பிள்ளை பாட்டியோடு வளரும். "இந்தியாவில் எந்த ஊர்?" என்பதும் பாசமாகக் கேட்கிற கேள்விதான், ஆனால் 1948 பிரஜாவுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கிய சனத்திடம் கேட்கிறோம் என்ற நினைவு வேண்டும். அதற்குப் பதில் தோட்டத்தில் எந்த டிவிஷன் (பிரிவு), எத்தனை மணிக்கு வெளிக்கிடுவது, யாரோடு வருவது என்று கேட்டுக் குறித்து வையுங்கள். மேல் டிவிஷன் பிள்ளை மழை நாளில் சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, காலில் அட்டைக்கடியோடு வரும். பிந்தியதற்கு வாசலில் நிறுத்தினால் மறுநாள் வராது.

ஹட்டன், மஸ்கெலியா பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தகரக் கூரை மழைக்கு மேலால் கத்திப் பயனில்லை, பிள்ளைகள் அதை ஏச்சு என்றே எடுத்துக்கொள்ளும். கரும்பலகையில் எழுதிப்போட்டுச் செய்கிற வேலை ஒன்றை எப்போதும் கைவசம் வைத்திருங்கள்.

பெற்றோர் கூட்டத்தைக் காலை 10 மணிக்கு வைத்துவிட்டு 'அக்கறையில்லாத சனம்' என்று குறைப்படுவதுதான் எனக்குப் பொறுக்காது. அந்த நேரம் கொழுந்து பறிக்கிற மலையை விட்டு வந்தால் அம்மாவுக்கு அரைப்பேர்தான் விழும், பாதி நாள் சம்பளம் போச்சு. ஞாயிறு என்றால் கைக்காசுக்குக் கொழுந்து பறிக்கிற வேலை இருக்கிறதா என்று முன்கூட்டியே விசாரியுங்கள். பின்னேரக் கொழுந்து நிறுத்து முடிந்த பிறகு நீங்களே லயத்துக்கு, அதாவது தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளுக்கு, போவது நல்லது. ஆனால் தனியே வேண்டாம், அந்த டிவிஷனைத் தெரிந்த உள்ளூர் ஆசிரியர் ஒருவரோடு போங்கள். பிள்ளைக்கு எது நன்றாக வருகிறது என்பதை முதலில் சொல்லுங்கள், குறையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். தேத்தண்ணி தந்தால் மறுக்காமல் குடியுங்கள், சீனி கொஞ்சம் கூடத்தான் இருக்கும்.