ஃபார்ம் 29-ல் தொடங்கி ரெக்-16 வரை: ஒரு பழைய லாரிக்குப் பேப்பர் சேர்த்த கதை

தம்பி வாங்கிய பழைய டாரஸ் லாரிக்கு ஆர்.சி., பெர்மிட், இன்சூரன்ஸ் மூன்றிலும் ஒருவழியாக அவன் பெயர் ஏறிவிட்டது. வண்டி பார்த்தது, விலை பேசியது, பைனான்ஸ் கிடைத்தது எல்லாம் மளமளவென்று முடிந்தன. பேப்பர் வேலைதான் உயிரை வாங்கிவிட்டது. அவன் எந்நேரமும் ரோட்டில் இருப்பவன். நான் மில்லில் கணக்கு எழுதுகிறவள் என்பதால், "அக்கா பாத்துக்கும்" என்று வீட்டில் முடிவாகி, கவுண்டர் கவுண்டராக நின்றது நான்தான். எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒருவராவது லாரியில் இருக்கிறார்கள். ஆனாலும் எந்த வேலைக்கு எந்த ஃபார்ம் என்று தெளிவாகச் சொல்ல ஒருத்தர் கிடைக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். நீங்கள் லாரி ஓனரா, டிரான்ஸ்போர்ட்டா? ஊரில் இரண்டையும் சேர்த்து லாரித் தொழில் என்று சொல்லிவிடுகிறோம். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. வண்டியை, லோடு பிடித்துக் கொடுக்கும் புக்கிங் ஆபீசுக்கு வாடகைக்கு விட்டு காசு வாங்குகிறவர் ஓனர். சொந்தப் பெயரில் எல்.ஆர். (சரக்குக்கான லாரி ரசீது) எழுதி, சரக்கு போய்ச் சேரும்வரை பொறுப்பேற்கிறவர் டிரான்ஸ்போர்ட். ஆர்.டி.ஓ. ஆபீஸ் சமாச்சாரத்தைத் தவிர மற்ற ஃபார்ம்கள் பெரும்பாலும் இதை வைத்துத்தான் மாறும். நான் ஏறி இறங்கிய இடங்களில் ஒருவர்கூட இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. அவரவர் கையில் எந்த ஃபார்ம் இருந்ததோ அதை நீட்டினார்கள்.

ஆர்.டி.ஓ. ஆபீஸ் கதைக்கு வருகிறேன். எந்த ஊர் ஆபீஸ் என்று கேட்காதீர்கள், நாளைக்கும் அங்கேதான் போக வேண்டும். பழைய வண்டிக்குப் பெயர் மாற்ற ஃபார்ம் 29-ம் 30-ம் என்பது எல்லோருக்கும் தெரியும். 29 என்பது விற்றவர் 'விற்றுவிட்டேன்' என்று கொடுக்கும் தகவல், 30 இருவரும் சேர்ந்து கொடுக்கும் விண்ணப்பம். புது பைனான்ஸ் இருந்தால் அதை ஆர்.சி.யில் ஏற்றக் கூடவே 34. எங்களுக்கு இடறியது, பழைய பைனான்ஸை ஆர்.சி.யிலிருந்து நீக்கும் 35.

விற்றவர் வயதானவர், நல்ல மனுஷர். பழைய கடனை அவர் கட்டி முடித்து வருஷங்கள் ஆகிவிட்டன. ஆனால் ஆர்.சி.யில் அந்த பைனான்ஸ் கம்பெனியின் பெயர் அப்படியே இருந்தது. டியூ முடிந்ததும் வந்த என்.ஓ.சி.யை (கடன் பாக்கி இல்லை என்ற சான்று) ஹெச்.பி. (ஆர்.சி.யில் உள்ள கடன் பதிவு) கேன்சல் செய்யக் கொடுக்காமல், பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேட் போட்டு வைத்திருந்தார். அதில் கீழே பொடி எழுத்தில் 90 நாள் செல்லும் என்று அச்சடித்திருந்தது. கவுண்டரில் இருந்தவர் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "இத வீட்ல மாட்டி வச்சுக்கங்க" என்றார். பைனான்ஸ் கம்பெனியின் எங்கள் ஊர்க் கிளை மூடியே போய்விட்டது. பக்கத்து மாவட்டக் கிளைக்குப் போனால், புது என்.ஓ.சி. தருகிறோம், ஆனால் ஃபார்ம் 35-ல் கையெழுத்துப் போடுகிறவர் வாரத்தில் சில நாள்தான் வருவார் என்றார்கள். சட்டப்படி 35-ல் பைனான்ஸ்காரர் கையெழுத்தும் வேண்டும், ஆர்.சி.யில் பெயர் உள்ளவர் கையெழுத்தும் வேண்டும். வாங்கினவர் கையெழுத்து செல்லாது. ஆகவே பழைய வண்டி பார்க்கப் போனால் டயரைப் பார்ப்பதற்கு முன் ஆர்.சி.யில் ஹெச்.பி. இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அது கேன்சல் ஆன பிறகுதான் முழுப் பணமும் என்று பேசிவிடுங்கள். பாக்கிப் பணம் நம் கையில் இருக்கும்வரைதான் விற்றவர் நம்மோடு அலைவார்.

அடுத்தது சேசிஸ் நம்பர். பென்சில் பிரிண்ட் எடுத்து ஒட்டச் சொன்னார்கள். பல வருஷக் கிரீஸும் பெயின்ட்டும் அந்த நம்பர் மேல் அப்பிக் கிடந்தன. மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, உப்புத்தாள் தேய்த்து, மெல்லிய காகிதத்தை வைத்துப் பென்சிலைச் சாய்த்து உரசினால் எல்லா எழுத்தும் வந்தன, நடுவில் ஒன்று மட்டும் 3 மாதிரியும் 8 மாதிரியும் தெரிந்தது. "தெளிவா எடுத்துட்டு வாங்கம்மா" என்று திருப்பிவிட்டார்கள். கடைசியில் பட்டறை மேஸ்திரி ஒருவர்தான் வழி சொன்னார். பெயின்ட் முழுவதையும் சுரண்ட வேண்டாம், பள்ளத்தில் இருக்கும் அழுக்கை மட்டும் ஊசியால் எடுத்தால் போதும் என்றார். செய்தோம், 3 என்று பளிச்சென்று வந்தது. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம் வண்டி வாங்கிய அன்றுகூட இல்லை.

ஓ.டி.பி. தொல்லையையும் சொல்ல வேண்டும். விண்ணப்பம் ஆன்லைனில்தான், ஆனால் விற்றவரின் பழைய செல் நம்பர்தான் பதிவில் இருந்தது, அது எப்போதோ செத்துப்போன நம்பர். முதலில் நம்பரை மாற்றி, அப்புறம்தான் மற்றதெல்லாம். அட்வான்ஸ் கொடுக்கும் அன்றே அவர் எதிரில் உட்கார்ந்து இதைச் சரிபார்த்துவிடுங்கள்.

பெயர் மாறிவிட்டது, வண்டியை எடுத்துப் போகலாம் என்று தம்பி கிளம்பியபோது, பெர்மிட்டைப் பற்றி யாரும் பேசவே இல்லையே என்று எனக்கு உறுத்தியது. கேட்டால், ஆர்.சி. மாறினால் பெர்மிட்டும் தானாக மாறிவிடும் என்றார் புரோக்கர். மாறாது. மோட்டார் வாகனச் சட்டம் 82-வது பிரிவில், பெர்மிட் கொடுத்த அதிகாரியின் அனுமதி இல்லாமல் அது கைமாறாது என்று தெளிவாக இருக்கிறது. விற்றவர் பெயரில் பெர்மிட், வாங்கினவர் பெயரில் ஆர்.சி. என்று லோடு ஏற்றிப் போனால் பெர்மிட் இல்லாத வண்டி கணக்குத்தான். இதற்கு இரண்டு வழி. பழைய பெர்மிட்டை நம் பெயருக்கு மாற்றக் கேட்கலாம். அல்லது விற்றவர் அதைச் சரண்டர் செய்ய, நாம் புதிதாக எடுக்கலாம். நேஷனல் பெர்மிட் புதிதாக எடுப்பதென்றால் ஃபார்ம் 48, பிற மாநிலங்களில் ஓட்டுவதற்கான அத்தாட்சிக்கு ஃபார்ம் 46. பெர்மிட் 5 வருஷம் நிற்கும், அத்தாட்சியை வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும், வருஷத்துக்கு 16,500 ரூபாய். புரோக்கர் எனக்கு 46-ஐ மட்டும் பூர்த்தி செய்து கொடுத்து, கவுண்டரில் திரும்பி வந்த பிறகு, "48-ம் வேணுமாக்கா?" என்று என்னையே கேட்டார்!

வண்டி வயதையும் பார்த்துக்கொள்ளுங்கள். 2 அச்சு வண்டிக்கு 12 வயதுக்கு மேல் நேஷனல் பெர்மிட் கிடைக்காது, டாரஸ் போல அதற்கு மேல் அச்சு உள்ளதற்கு 15. வண்டி ஓடத் தகுதியானது என்ற எஃப்.சி. சான்றும் 8 வருஷம் தாண்டிய வண்டிக்கு வருஷா வருஷம். குறைந்த விலைக்குக் கிடைக்கிறது என்று வாங்கி வெளிமாநில லோடு ஏற்ற முடியாமல் உள்ளூரில் ஜல்லி லோடு அடிப்பவர்கள் எங்கள் பக்கம் நிறைய உண்டு.

இன்சூரன்ஸ் ஒரே நாளில் முடிந்தது. ஆர்.சி. வரட்டும் என்று காத்திருக்காதீர்கள், வண்டி கைமாறிய 14 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பது சட்டம். ஃபார்ம் 29, 30 நகலும் பணம் கட்டிய ரசீதும் காட்டினோம், வாங்கிக்கொண்டார்கள்.

இனி ஜி.எஸ்.டி. இதை எழுதும்போது இன்னும் வயிறு எரிகிறது. டவுனில் ஒரு கன்சல்டன்சி, பெயர் வேண்டாம். "ஜி.எஸ்.டி. வேணுமா?" என்று விசாரிக்கத்தான் போனேன். அங்கிருந்த பையன், "லாரின்னா ஜி.எஸ்.டி. இல்லாம ஓட்டவே முடியாதுக்கா, செக்போஸ்ட்ல புடிச்சிருவாங்க" என்று சொல்லிவிட்டு, நான் வீடு திரும்புவதற்குள் தம்பிக்கு போன் போட்டு ஓ.டி.பி. வாங்கி, ரெக்-01 என்ற ஜி.எஸ்.டி. பதிவு ஃபார்மில் அவனைச் சரக்குப் போக்குவரத்து ஏஜென்சி, அதாவது டிரான்ஸ்போர்ட் என்று பதிவு செய்துவிட்டான். அவன் அப்போது கர்நாடகாவில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான், எதற்கு ஓ.டி.பி. என்றே தெரியாது.

தம்பியோ எல்.ஆர். எழுதுவதே இல்லை. புக்கிங் ஆபீஸ் லோடு கொடுக்கும், அவர்கள் எல்.ஆர்., அவர்கள் பொறுப்பு, இவனுக்கு வாடகை. ஏஜென்சிக்கு வண்டியை வாடகைக்கு விடுவதற்கு ஜி.எஸ்.டி. விலக்கே இருக்கிறது. எல்.ஆர். எழுதாமல் மில்லுக்கு நேராக லோடு அடித்தாலும் விலக்குதான். இன்னும் சொன்னால், சொந்தமாக எல்.ஆர். எழுதுகிற டிரான்ஸ்போர்ட்டுக்கும்கூட, வாடிக்கையாளர்கள் எல்லோரும் அவர்கள் பக்கத்திலேயே வரியைக் கட்டிவிடும் கம்பெனிகளாக இருந்தால் பதிவு கட்டாயமில்லை. அந்தப் பையனிடம் இதைச் சொன்னால், "இருந்தா நல்லதுதானேக்கா" என்றான். என்ன நல்லது? வருமானம் இல்லாவிட்டாலும் 'ஒன்றுமில்லை' என்று நில் ரிட்டர்ன் போட வேண்டும், தவறினால் நாளுக்கு 20 ரூபாய் தண்டம். ரிட்டர்ன் போட அவர்களுக்கு மாசா மாசம் பீஸ். அங்கேதான் விஷயம் இருக்கிறது.

அந்தப் பதிவை ரத்து செய்ய ரெக்-16 போட்டோம். அந்தக் கன்சல்டன்சியில் கேட்டால் இழுத்தடிப்பார்கள் என்று மில் ஆடிட்டரிடம் கேட்டு நானே உட்கார்ந்து போட்டேன். ரத்தான பிறகும் ஜி.எஸ்.டி.ஆர்-10 என்று கடைசி ரிட்டர்ன் ஒன்று இருக்கிறது, 3 மாதத்துக்குள் போட வேண்டும். ரத்தாகிவிட்டது என்று நிம்மதியாகத் தூங்கி, இதை விட்டுத் தண்டம் கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சரி, சரக்கோடு போகும் ஆன்லைன் சீட்டான இ-வே பில்லுக்கு ஜி.எஸ்.டி. நம்பர் வேண்டாமா என்று கேட்பீர்கள். புக்கிங் ஆபீஸ் லோடுக்கு அவர்களுடைய நம்பர் போதும், நம் வண்டி நம்பர் அந்தச் சீட்டின் பகுதி பி-யில் ஏறும். நேராக லோடு கொடுக்கும் மில்கள் சில, டிரான்ஸ்போர்ட்டர் ஐ.டி. இருந்தால்தான் கேட்டுக்குள் விடுவார்கள். அதற்கு ஜி.எஸ்.டி. தேவையில்லை. இ-வே பில் தளத்தில் இ.என்.ஆர்-01 என்று ஒரு ஃபார்ம் இருக்கிறது, ஜி.எஸ்.டி. இல்லாத லாரிக்காரர்களுக்கென்றே வைத்தது. பான், ஆதார் போதும், கட்டணம் கிடையாது, 15 இலக்க ஐ.டி. தருவார்கள். வழியில் வண்டி நின்று வேறு வண்டிக்கு லோடு மாற்றினால் நாமே பகுதி பி-யைத் திருத்திக்கொள்ளலாம் என்பது கூடுதல் லாபம்.

பான் கார்டில் இன்ஷியல் பார்த்துவிடுங்கள். தம்பிக்கு ஆதாரில் இன்ஷியல் ஓரெழுத்து, பானில் அப்பா பெயர் முழுசாக விரிந்து நிற்கிறது. தளம் ஏற்கவில்லை. ஆதாரைத் திருத்திய பிறகுதான் எல்லாம் நகர்ந்தது. முன்பே செய்திருந்தால் பாதி அலைச்சல் மிச்சம்.

இன்னொரு இடத்தில் நான் ஜெயித்தேன். லோடு தருவதாகச் சொன்ன ஒரு கம்பெனி, சாலை வழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம், 2007-ன் கீழ் காமன் கேரியர் பதிவுச் சான்று கொண்டுவா என்றது. அதற்கு ஃபார்ம் 1. தம்பி பயந்துபோய் அதற்கும் விண்ணப்பிக்கலாம் என்றான். அந்தப் பதிவு, சரக்கைச் சேகரித்து, ரசீது போட்டு, பலருக்கும் அனுப்பிக் கொடுக்கிறவர்களுக்கு. இவன் ஒரு வண்டியை வாடகைக்கு ஓட்டுகிறவன். கம்பெனியின் அக்கவுண்ட்ஸ் பெண்ணிடம் போனில் இதை விளக்கி, அதற்குப் பதிலாக 10 அல்லது அதற்குக் குறைவான வண்டி வைத்திருக்கிறேன் என்ற உறுதிமொழியும் பான் நகலும் தருகிறேன் என்றேன். வாடகையிலேயே வருமான வரி (டி.டி.எஸ்.) பிடிக்காமல் இருக்க எப்படியும் அது வேண்டும், உறுதிமொழி கொடுக்காவிட்டால் தனிநபருக்கு 1 சதவீதம் பிடிப்பார்கள். அவர் மேலே கேட்டுவிட்டு, "சரிங்க, அது போதும்" என்றார். அடுத்த வாரமே லோடு வந்தது.

உத்யம் என்கிற சிறுதொழில் பதிவு வங்கிக்கு வேண்டியிருந்தது. சாலைச் சரக்குக்கு 49231 என்ற தொழில் வகை எண்ணைத் தேர்ந்தெடுங்கள். அரசுத் தளத்தில் ஒரு பைசா கிடையாது. தேடினால் முதலில் வருகிற சில தளங்கள் பார்க்க அரசுத் தளம் போலவே இருக்கும், கடைசிப் பக்கத்தில் பணம் கேட்கும். கேட்டால் மூடிவிடுங்கள்.

டோல் கட்டும் பாஸ்டேக் இன்னும் பாக்கி. ஒரு வண்டிக்கு ஒரு டேக்தான், பழையதை விற்றவர் மூடினால்தான் தம்பி பெயரில் புதிது வரும். பெரியவர் மூடச் சொல்லிவிட்டதாகச் சொன்னார், மூடவில்லை. நேற்று போன் செய்து, "ஏம்மா, உன் தம்பி ஓசூர் தாண்டிட்டானா? டோல் காசு எனக்குப் போயிருக்கே" என்றார். ஜி-பே அனுப்பிவிட்டேன். திங்கட்கிழமை அவரைக் கூட்டிக்கொண்டு பேங்குக்குப் போக வேண்டும்.