வராத பிள்ளையைத் தேடிப் போகும் வேலை

கோலாலம்பூர் அடுக்குமாடிகளில் தொண்டு அமைப்புகள் நடத்தும் பாலர் கல்வி நிலையம் ஒன்று ஒழுங்காக நடக்கிறதா என்று அறிய, அதன் வருகைப் பதிவேட்டைப் புரட்டினால் போதும். எந்தப் பிள்ளை எந்தக் கிழமைகளில் வரவில்லை, அதற்கு வீட்டார் சொன்ன காரணம் என்ன, நிலையம் அதற்குப் பிறகு என்ன செய்தது, இந்த மூன்றும் அதில் இருந்தால் அங்கே வேலை நடக்கிறது. வெறும் சரி, தவறு குறிகள் மட்டும் இருந்தால் பிள்ளைகள் சத்தமில்லாமல் நழுவிக்கொண்டிருக்கிறார்கள்.

தலைநகரின் மலிவுவிலை அடுக்குமாடிகளைப் பற்றி யுனிசெஃப் 2018-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேர் பாலர் பள்ளிக்குப் போகவில்லை என்றும், ஐந்து வயதுக்குட்பட்டோரில் 22 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் என்றும் அது சொன்னது. பெற்றோருக்கு அக்கறை இல்லை என்ற பேச்சு உடனே கிளம்பும். இந்த வேலையில் இருப்பவர்கள் அதை ஏற்கவே மாட்டார்கள். செந்தூல், ஜிஞ்சாங் பக்கம் பி.பி.ஆர். எனப்படும் அரசாங்க மலிவுவிலை வீடுகளில் அப்பா பன்னிரண்டு மணிநேர செக்யூரிட்டி வேலையில் இருப்பார், அம்மா விடியற்காலையிலேயே துப்புரவு வேலைக்குக் கிளம்பிவிடுவார். பக்கத்திலேயே கெமாஸ் அல்லது பெர்பாடுவான் என்ற அரசாங்க அமைப்புகளின் தபிகா (பாலர் வகுப்பு) இருக்கும், கட்டணமும் குறைவுதான். ஆனால் அது நண்பகலுக்குள் முடிந்துவிடும். அதற்குப் பிறகு பிள்ளையைக் கூட்டிவர யார் இருக்கிறார்கள்? முழங்கால் வலியோடு இருக்கும் பாட்டி. லிஃப்ட் பழுதானால் அவரும் இறங்க முடியாது.

அதனால் சேர்க்கையின்போது முதலில் கேட்க வேண்டியது "யார் கொண்டுவந்து விடுவார், யார் கூட்டிப் போவார்" என்பதுதான். இருவரின் பெயர், ஐசி (அடையாள அட்டை) எண், தொலைபேசி எண், அவர்கள் வேலைக்குப் போய்வரும் நேரம் நான்கும் வேண்டும். அந்த இருவராலும் முடியாத நாளுக்கு மூன்றாவது ஆள் யார் என்று அன்றே பேசி வைத்துவிட வேண்டும். இதைக் கேட்காமல் சேர்த்த பிள்ளைகளே முதலில் நின்றுபோகிறார்கள்.

ஒரு நாள் வராவிட்டால் காலை பத்து மணிக்குள் வாட்ஸாப்பில் குரல் பதிவு அனுப்புவது நல்லது. எழுத்தில் அனுப்பினால் பாட்டியால் படிக்க முடியாது, இரவு வேலை முடித்துப் படுத்திருக்கும் தாயும் கவனிக்க மாட்டார். மூன்றாவது நாளும் வராவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டும். எப்போதும் இருவர், அதில் ஒருவராவது பெண். இரவு வேலைக்காரர் வீட்டுக்குக் காலையில் போகக் கூடாது. கையில் படிவமும் பேனாவுமாக நுழைந்தால் வீட்டார் நம்மை வாடகை பாக்கி கேட்க வந்தவர் போலத்தான் பார்ப்பார்கள். "ஏன் அனுப்பவில்லை?" என்று தொடங்கினால் காய்ச்சல் என்ற பதில் வரும், பேச்சு அங்கேயே முடிந்துவிடும். "பிள்ளையைக் காணோமே, நல்லா இருக்கானா அக்கா?" என்று கேட்டு உட்கார்ந்தால் மோட்டார் சைக்கிளுக்குப் பெட்ரோல் இல்லாததும், உடுப்பு காயாததும், வீட்டில் சண்டை நடந்ததும் ஒவ்வொன்றாக வெளியே வரும். மாதக் கடைசியில் வராமை கூடுகிறதென்றால் அது சம்பளம் தீர்ந்துபோனதன் அடையாளம். அந்த வாரத்துக்கென்று நிலையம் ஒரு சிறு போக்குவரத்துப் பணத்தை ஒதுக்கி வைத்தாலே பல பிள்ளைகள் நின்றுபோகாமல் வருவார்கள்.

பத்திரங்கள் இல்லாத பிள்ளைகள் விஷயத்தில் பொறுமை வேண்டும், அதைவிட ஒழுங்கு வேண்டும். முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணத்தை அரசாங்கத்தில் பதிய வேண்டும் என்ற சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. கோயிலில் தாலி கட்டியதோடு நின்றுவிடும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. பெற்றோர் இருவரும் குடிமக்களாக இருந்தால் பெரும்பாலும் சிக்கல் தீர்ந்துவிடும். பதியாத திருமணத்தில் தாய் வெளிநாட்டவராகவோ, தாயிடமே ஆவணம் இல்லாமலோ இருந்தால்தான் ஆபத்து. திருமணப் பதிவு இல்லாமல் பிறந்த பிள்ளைக்குத் தாயின் குடியுரிமை நிலையே பார்க்கப்படும், குடிமகன் என்று காட்டும் தகப்பனின் நீல ஐசி அங்கே உதவாது. சூராட் பெரானாக் (பிறப்புப் பத்திரம்) கையில் இருந்தாலும் அதில் குடியுரிமை நிலை குறித்த இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்க்க வேண்டும். 'புக்கான் வார்காநெகாரா' (குடிமகன் அல்ல) என்று அங்கே இருப்பதைப் பிள்ளை ஏழு வயதை நெருங்கும்போதுதான் பல பெற்றோர் கவனிக்கிறார்கள். அப்படியானால் அரசியலமைப்பின் 15ஏ பிரிவின்கீழ் பிள்ளைக்குக் குடியுரிமை கேட்டு விண்ணப்பிக்கும் வழி இருக்கிறது. பதில் வர ஆண்டுகள் ஆகலாம் என்பதால் பிள்ளை நான்கு வயதில் நம்மிடம் சேரும்போதே அதைத் தொடங்கிவிட வேண்டும்.

ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பிளாஸ்டிக் கோப்பு போதும். பிறப்புப் பத்திரம், பெற்றோர் ஐசி, திருமணப் பதிவு, தடுப்பூசிப் புத்தகம், மருத்துவமனையில் பிறந்ததற்கான தாள் ஆகியவற்றின் நகல்கள் அதில் இருக்கட்டும். அசலை நிலையத்தில் வைத்துக்கொள்ளவே கூடாது. எந்த அலுவலகக் கவுண்ட்டரில், எந்தத் தேதியில், என்ன சொன்னார்கள் என்பதை ஒரே தாளில் வரிசையாக எழுதி வர வேண்டும். அந்தத் தாள் இல்லாவிட்டால் அடுத்த முறை போகும் குடும்பம் முதலிலிருந்து கதை சொல்ல நேரும். இரண்டு மூன்று முறை அப்படி நடந்தால் மனம் விட்டுப்போய், பணம் வாங்கும் ஏஜெண்டிடம் போய் நிற்பார்கள். கொடுத்த பணம் திரும்புவதே இல்லை.

சாப்பாட்டு விஷயத்தில் நாம் அதிகம் பார்ப்பது பால் குழப்பம். டின்னில் வரும் இனிப்புக் கிரிமரைச் சுடுநீரில் கரைத்துப் போத்தலில் கொடுக்கும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அது பெரும்பாலும் சர்க்கரையும் செம்பனை எண்ணெயும்தான். பிள்ளை வயிறு நிரம்பித் தூங்கிவிடும், வளராது. தாயைக் குறைசொல்லாமல், டின்னின் மேல் இருக்கும் எழுத்தைச் சேர்ந்து படித்துக் காட்டுவது வேலை செய்கிறது. காலையில் நிலையத்தில் ஒரு முட்டை கொடுத்துவிட்டால் அன்றைய பாதிக் கவலை தீரும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை உயரமும் எடையும் எடுக்க வேண்டும். இரண்டு வயதுக்குக் கீழே படுக்கவைத்து அளக்க வேண்டும், அதற்கு மேல் நிற்கவைத்து. சப்பாத்தைக் கழற்றாமலும் உச்சிக் கொண்டையை அவிழ்க்காமலும் அளந்தால் இரண்டு மூன்று சென்டிமீட்டர் பொய்யாகக் கூடிவிடும். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் மேற்கையின் நடுச் சுற்றளவு 12.5 சென்டிமீட்டருக்குக் கீழே வந்தால் கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசாங்கச் சுகாதார நிலையம்) அனுப்ப வேண்டும். 11.5-க்குக் கீழே என்றால் அன்றே, நிலைய ஊழியர் ஒருவர் கூடவே போக வேண்டும்.

நிலையத்தையே முடக்கிப்போடுவது கை, கால், வாய்ப் புண் நோய். சானிடைசரை நம்பிப் பலர் ஏமாறுகிறார்கள். இந்தக் கிருமி ஆல்கஹாலுக்கு எளிதில் சாகாது, சவர்க்காரம் போட்டுக் கை கழுவுவதே வழி. விளையாட்டுப் பொருளையும் மேசையையும் முதலில் கழுவித் துடைக்க வேண்டும். பிறகு ஒரு லிட்டர் தண்ணீரில் ஐந்து விழுக்காட்டு குளோரின் வெளுப்பான் 20 மில்லி கலந்து துடைத்து, பத்து நிமிடம் ஈரமாக விட்டு, மறுபடி தண்ணீரால் துடைக்க வேண்டும். கலவையைத் தினமும் புதிதாகத் தயாரிக்க வேண்டும், நேற்றையது வீரியம் இழந்திருக்கும். வேறு எந்தத் துப்புரவுத் திரவத்தோடும் அதைச் சேர்க்கக் கூடாது. புண் ஆறிய பிள்ளையின் மலத்தில் கிருமி பல வாரம் இருக்கும், ஆகவே பெம்பர்ஸ் மாற்றும் இடத்தில்தான் கண்டிப்பு கூட வேண்டும்.

வகுப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தேசியப் பாலர்பள்ளிக் கலைத்திட்டம் கையில் இருக்கிறது. பெற்றோர் கேட்பதற்காக நான்கு வயதில் பென்சிலைத் திணிப்பதுதான் தவறு. விரலுக்கு வலு வரட்டும். இரண்டு கோப்பை கோதுமை மாவு, ஒரு கோப்பை உப்பு, இரண்டு தேக்கரண்டி எண்ணெய், முக்கால் முதல் ஒரு கோப்பை தண்ணீர் சேர்த்துப் பிசைந்தால் விளையாட்டு மாவு தயார். நம் ஊர் ஈரக்காற்றில் உப்பு நீரை இழுத்து மாவு கொழகொழத்துவிடும், மூடிய டப்பாவில் ஐஸ்பெட்டியில் வைத்தால் ஒரு வாரம் தாங்கும். உப்பு அதிகம் என்பதால் வாயில் வைக்கும் வயதுக்காரர்களிடம் கொடுக்கக் கூடாது. எழுதத் தொடங்கும்போதும் சுழி நிறைந்த 'அ'வைவிட, நேர்கோடு மிகுந்த ட, ப, ம பிள்ளைக்கு எளிது. 'படம்' என்று ஒரு சொல்லை அன்றே படித்துவிட்ட மகிழ்ச்சியோடு அது வீட்டுக்குப் போகும்.

எல்லாவற்றையும்விடச் செலவு பிடிப்பது ஆள்பலம், நன்கொடை குறைவாகக் கிடைப்பதும் அதற்குத்தான். நான்கு வயதுக்குக் கீழே என்றால் அது தாஸ்கா (குழந்தைப் பராமரிப்பு நிலையம்), சமூகநல இலாகாவில் 1984-ஆம் ஆண்டுக் குழந்தைப் பராமரிப்பு நிலையச் சட்டத்தின்படி பதிய வேண்டும். அதற்கு மேல் தாடிகா (பாலர் பள்ளி), கல்வி அமைச்சின்கீழ் வரும். ஒரே கூரையின்கீழ் இரண்டையும் நடத்தினால் இரண்டு பதிவுகள். தாஸ்காவில் ஒரு வயதுக்குள் மூன்று பிள்ளைக்கு ஒரு பராமரிப்பாளர், ஒன்று முதல் மூன்று வயது வரை ஐந்து பிள்ளைக்கு ஒருவர், மூன்று முதல் நான்கு வரை பத்துப் பிள்ளைக்கு ஒருவர். மூன்று கைக்குழந்தையும் பத்து நடைக்குழந்தையும் இருந்தால் மூன்று பேர் வேண்டும், ஒருவர் விடுப்பு எடுத்த அன்றே கணக்கு உடையும். ஆகவே நான்காவது ஆளின் சம்பளத்தையும் தொடக்கத்திலேயே திட்டத்தில் சேர்க்க வேண்டும். 2025-இலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி (ரிங்கிட்). பைகளும் பொம்மைகளும் கொண்டுவரும் நல்லுள்ளங்களிடம், ஓர் ஆசிரியையின் ஓராண்டுச் சம்பளத்தை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று வெட்கப்படாமல் கேட்க வேண்டும். டீச்சர் அடிக்கடி மாறினால், வீட்டிலும் நிலையில்லாத பிள்ளை மறுபடி பேச்சை நிறுத்திக்கொள்ளும்.

உடலில் காயமோ பயமோ கண்டால் தயங்க இடமில்லை. 2001-ஆம் ஆண்டுச் சிறார் சட்டம் பராமரிப்பாளர் மீது தகவல் சொல்லும் கடமையை வைத்திருக்கிறது. 15999 என்ற அரசாங்க உதவி எண்ணுக்கு அழைக்கலாம். பார்த்ததைத் தேதியோடு எழுதிவைக்க வேண்டும், பிள்ளையைத் திரும்பத் திரும்ப விசாரிக்கக் கூடாது.

ஒன்றாம் ஆண்டுப் பதிவு பள்ளி திறப்பதற்கு வெகு முன்னரே இணையத்தில் முடிந்துவிடும். தாயின் கைப்பேசியிலேயே, அவர் பெயரிலேயே கணக்கைத் திறந்து, கடவுச்சொல்லைக் கோப்பில் எழுதி வைக்க வேண்டும். ஊழியரின் கைப்பேசியில் செய்துவிட்டால் அவர் வேலை மாறிய அன்று குடும்பம் கதவுக்கு வெளியே நிற்கும். தமிழ்ப்பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு ஒரு பக்கக் குறிப்பை டீச்சரிடம் கொடுக்கலாம்: எதில் கெட்டி, எதற்குப் பயப்படும், வீட்டில் யாரை அழைத்தால் எடுப்பார்கள். முதல் மூன்று மாதம் வாரம் ஒருமுறை பள்ளி விட்டதும் பிள்ளை எங்கே போகிறது என்று கேட்டு வர வேண்டும். காலை ஏற்பாடு சரியாக இருந்து, மதியம் கூட்டிவர ஆள் இல்லாமல் நின்றுபோனவர்கள்தான் அதிகம்.